குத்தம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்த வட்டு

எங்கள் பள்ளியில் ஒரே ஒரு வட்டுதான் இருந்தது. சாக்பீஸ் டப்பாக்களும் மடிப்பு கிழிந்த தேசப்படங்களும் அடைந்திருந்த இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், கோணிச் சாக்கில் சுற்றிக் கிடக்கும். சாவி பி.டி. சாரின் சட்டைப்பையில். சனிக்கிழமை காலையில் அவர் அதை வெளியே எடுத்து வரும்போது, உற்சவரை மண்டபத்துக்கு எழுந்தருளப் பண்ணுகிற குருக்களின் கவனம் முகத்தில் இருக்கும்.

மரத்தில் கடைந்த உடல். சுற்றிலும் இரும்பு வளையம். நடுவில் இரண்டு பக்கமும் திருகாணி போட்ட பித்தளைத் தகடு. வெயிலில் கிடந்தால் வளையம் விரலைச் சுடும். ஈரத்தில் கிடந்தால் மரம் ஊறி, சொன்ன பேச்சு கேட்காது. நாங்கள் அதை 'டிஸ்க்' என்போம். போட்டி அறிவிப்பில் 'வட்டு எறிதல்' என்று வரும். என் அம்மாவுக்குக் கடைசிவரை அது 'அந்த இரும்புத் தட்டு'.

ஒன்பதாம் வகுப்பில் குறுவட்டப் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்தார்கள். மூன்று மாதம் பயிற்சி. போட்டியன்று மைதானத்தில் என் கையில் வேறொரு வட்டைத் திணித்தார்கள். பெண்களுக்கு 1 கிலோ. நான் பழகியது பையன்களுக்காக வாங்கி வைத்திருந்த 1.5 கிலோ. ஒன்று வாங்கவே பணம் புரட்டிய பள்ளியில் இரண்டாவதுக்கு எங்கே போவது? கை எதிர்பார்த்த கனம் வரவில்லை. சுற்றி முடிப்பதற்குள் வட்டு விரலைவிட்டுக் கழன்று, வலப்பக்கக் கோட்டைத் தாண்டி, அளவு குறிக்கிறவரின் மேசையை நோக்கிப் போனது. மூன்று வீச்சு, மூன்றும் ஃபவுல்.

பூந்தமல்லியில் பஸ் மாறித் திருமழிசை தாண்டி ஊர் திரும்பும்வரை ஒரே கேள்வி மண்டையைக் குடைந்தது. ஈட்டி எதற்கென்று தெரியும், வேட்டைக்கு. ஓட்டம் தப்பிப்பதற்கு. மல்யுத்தம் சண்டைக்கு. இந்தத் தட்டு எதற்கு? எவன் இதை முதலில் கையில் எடுத்தான்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் படித்ததில், வட்டு குத்தம்பாக்கம் வருவதற்குள் ஏறி இறங்கிய நிறுத்தங்கள் ஓரளவு பிடிபட்டன.

பூண்டி

முதல் நிறுத்தம் கிரீஸ் இல்லை. எங்கள் மாவட்டமேதான்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில், கொசஸ்தலையாற்றுப் படுகையில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கிடைத்தன. பிற்பாடு அதே இடத்தைத் தோண்டி ஆராய்ந்த சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர், அங்கே கிடைத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் எழுதினார்கள். பூண்டி அருங்காட்சியகத்தில் இந்த வட்டாரத்துக் கற்கருவிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம்.

கைக்கோடரி என்றுதான் பெயர். ஆனால் அதில் கைப்பிடி கிடையாது. துளி வடிவம்; உள்ளங்கையில் அடங்கும் கனம்; பலவற்றில் சுற்றிலும் விளிம்பு கூராகச் செதுக்கப்பட்டிருக்கும். இறுக்கிப் பிடித்து ஓங்கினால் முதலில் கிழிவது பிடித்த கைதான். இதைப் பார்த்துக் குழம்பிய அமெரிக்க ஆய்வாளர் எய்லீன் ஓப்ரையன், 1981இல் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார். கென்யாவின் ஒலோர்கெசாய்லியில் கிடைத்த பெரிய கைக்கோடரி ஒன்றுக்கு நகல் வார்த்து, கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் கொடுத்து, வட்டுபோல வீசச் சொன்னார். ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. 45 வீச்சு. சராசரியாக 30 மீட்டர் போனது. 42 முறை விளிம்பு மண்ணில் குத்தியபடி இறங்கியது. தண்ணீர் குடிக்கக் கூடும் மிருகக் கூட்டத்தின் மேல் இதை வீசியிருக்கலாம் என்றார்.

தொல்லியல் அறிஞர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. கைக்கோடரி தோலுரிக்கவும் இறைச்சி வெட்டவும் மரம் சீவவும் பயன்பட்டது என்பதற்குத் தடயம் இருக்கிறது. வீசினார்கள் என்பதற்கு இல்லை. நானும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் ஊரிலிருந்து மாலைக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய ஆற்றுப்படுகையில் கிடந்த கல்லின் வகையறா, ஒரு வட்டு வீரனின் கைக்கு அன்னியமாக இல்லை என்பது எனக்குப் போதும்.

ஒலிம்பியா

கிரேக்கர்களிடம் வட்டு முதலில் கல். பிறகு இரும்பு, வெண்கலம், ஈயம். ஹோமரின் இலியட்டில், பத்ரோக்ளஸ் செத்ததற்கு நடத்தும் ஈமப் போட்டியில் அகிலீஸ் ஒரு கச்சா இரும்புக் கட்டியைக் கொண்டுவந்து போடுகிறான். அதை யார் அதிக தூரம் வீசுகிறாரோ அவருக்கே அது பரிசு. ஐந்து வருஷத்துக்கு உழவனும் மேய்ப்பனும் இரும்பு தேடி டவுனுக்குப் போகவேண்டாம் என்கிறான். வீசுகிற பொருளே பரிசு என்பதில் ஒரு விவசாயிக் கணக்கு இருக்கிறது. அந்தக் கட்டிக்கு உபயோகம் இருந்தது. உருக்கினால் கலப்பைக் கொழு ஆகும். பிற்காலத்து வட்டுக்கு அதுவும் இல்லாமல் போனது.

ஒலிம்பிக் போட்டிகளின் தொடக்கம் மரபாகக் கி.மு. 776 என்பார்கள். வட்டு வந்தது கி.மு. 708இல், தனியாக அல்ல. தாண்டுதல், ஈட்டி, ஓட்டம், மல்யுத்தம் ஆகியவற்றோடு சேர்ந்த ஐந்தம்சப் போட்டியில் ஒன்றாக. வட்டு எறிந்ததற்கென்று தனியாக ஆலிவ் இலை முடி யாருக்கும் சூட்டியதில்லை. கூட்டுக்குடும்பத்து நடுப்பிள்ளை மாதிரி அது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிக் குறிப்பெழுதிய பாசானியாஸ், ஒலிம்பியாவில் சிக்கியோன் நகரத்தாரின் கருவூலத்தில் மூன்று வட்டுகளைப் பூட்டி வைத்திருந்ததாகச் சொல்கிறார். ஐந்தம்சப் போட்டிக்கு அவற்றைத்தான் வெளியே எடுப்பார்கள். இதைப் படித்தபோது எங்கள் பள்ளி இரும்பு பீரோ கண்முன் வந்து நின்றது. காரணம் எளிது. தோண்டியெடுத்த கிரேக்க வட்டுகளில் ஒன்றேகால் கிலோவிலிருந்து ஆறு கிலோவுக்கு மேல்வரை எல்லா எடையும் இருக்கின்றன. ஊருக்கொரு படி இருந்த காலத்தில் எல்லோரும் ஒரே படியால் அளக்கவேண்டுமென்றால், படியைப் பூட்டித்தான் வைக்கவேண்டும்.

ஒலிம்பியாவில் வீசுவதற்கல்லாத வட்டு ஒன்றும் இருந்தது. ஹீரா கோயிலில், இஃபிடஸ் மன்னன் பெயரால். போட்டி நடக்கும் காலத்தில் வருகிறவர் போகிறவர் மேல் கை வைக்கக்கூடாது என்ற போர்நிறுத்த உடன்படிக்கையை அதில் நேர்வரியாக எழுதாமல் வட்டமாகச் சுற்றி எழுதியிருந்தார்களாம். வட்டமாக எழுதினால் யார் பெயர் முதலில் என்ற தகராறு வராது என்று எனக்குத் தோன்றும். பத்திரிகை அடித்த கல்யாண வீட்டாருக்கு இந்த அருமை புரியும்.

காணிக்கை வட்டுகளும் உண்டு. கெஃபலேனியா தீவின் எக்சோய்தாஸ் என்பவன், தன் தீவுக்காரர்களைத் தோற்கடித்த வெண்கல வட்டில் எழுத்து வெட்டி, ஜீயுஸின் இரட்டைப் பிள்ளைகளுக்குச் சாத்தினான். கி.மு. 6ஆம் நூற்றாண்டு. வேண்டுதல் நிறைவேறிக் கோயிலில் வேல் சாத்துகிற மனசுதான். அந்த வட்டு இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

எவ்வளவு தூரம் வீசினார்கள்? ஒரே ஓர் எண் பெயரோடு மிஞ்சியிருக்கிறது. குரோட்டன் நகரத்து ஃபைல்லோஸ் 95 அடி வீசினான் என்று பின்னாளில் ஒரு சிறு செய்யுள் சொல்கிறது. கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போருக்கு ஒரு கப்பலோடு போனவன் அவன். அந்தச் செய்யுளே அவன் 55 அடி தாண்டினான் என்றும் அளப்பதால், எண்ணைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் விழுங்கவேண்டும்.

தூரத்தைவிடக் கிரேக்கர்களுக்கு வட்டில் கண்ணில் பட்டது விபத்து. அப்பல்லோ வீசிய வட்டு பட்டுத்தான் அவன் பிரியத்துக்குரிய ஹயசிந்தஸ் செத்தான். பெர்சியூஸ் வீசிய வட்டு கூட்டத்தில் நின்றிருந்த அவன் பாட்டன் அக்ரிசியஸ் மேல் விழுந்தது. இன்று வட்டு வீசும் வளையத்தைச் சுற்றி வலைக்கூண்டு கட்டுகிறார்களே, அதன் அவசியம் இந்தப் புராணங்களிலேயே இருக்கிறது. மேசையைவிட்டு எழுந்து ஓடிய அந்த அளவுக்காரரை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

கல்யாணமான பெண்கள் ஒலிம்பியாவில் போட்டி நடக்கும்போது எட்டிப் பார்க்கவே கூடாது. ஹீராவுக்கு நடந்த கன்னிப்பெண்கள் போட்டியில் ஓட்டம் மட்டும்தான். ஸ்பார்ட்டாவில்தான் பெண்பிள்ளைகள் வட்டும் ஈட்டியும் எறியப் பழகினார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். யாருடைய வட்டை வைத்துப் பழகினார்கள் என்பதை அவர் எழுதவில்லை.

முசிறி

யவனர் என்று நாம் அழைத்த கிரேக்க, ரோமானிய வணிகர்கள் நம் கடற்கரைக்கு வந்துபோன நூற்றாண்டுகளில் ஒலிம்பியாவில் போட்டி நடந்துகொண்டேதான் இருந்தது. மிளகுக்கும் முத்துக்கும் பொன் கொடுத்தார்கள். அரிக்கமேட்டில் அவர்களின் மதுச்சாடிகள் உடைந்து கிடந்தன. சேரர் துறைமுகமான முசிறியின் சரக்குக்காகக் கிரேக்க மொழியில் எழுதிய கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் வியன்னாவில் இருக்கிறது, கி.பி. 2ஆம் நூற்றாண்டு. அதில் வரும் கப்பலின் பெயர் ஹெர்மப்பல்லோன். உடற்பயிற்சிக் கூடங்களின் காவல் தெய்வம் ஹெர்மஸ். வட்டால் சிநேகிதனை இழந்த அப்பல்லோ. இரண்டு பேரின் பெயரையும் தாங்கிய கப்பல், ஜடாமாஞ்சியும் யானைத் தந்தமும் ஏற்றிக்கொண்டு போனது. வட்டு மட்டும் அந்தக் கப்பலில் ஏறவில்லை. ஏறியிருந்தால் நமக்குச் சேரர் காலத்திலேயே வந்திருக்கும். தவறவிட்ட கப்பலுக்காகச் சுமார் 1,800 வருஷம் காத்திருக்கவேண்டி வந்தது.

ரோம்

கி.பி. 241இல், 255ஆவது ஒலிம்பியாட்டில், கொரிந்த் நகரத்து ஐந்தம்ச வீரன் அஸ்க்ளீபியாடஸ் ஒலிம்பியாவில் ஒரு வெண்கல வட்டைக் காணிக்கையாக வைத்தான். அதற்கப்புறம் சுமார் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, கிறிஸ்தவப் பேரரசர்களின் காலத்தில் போட்டிகளே நின்றுபோயின. நிலநடுக்கம் கோயிலைச் சாய்த்தது, ஆற்று வண்டல் மூடியது. வீசத் தெரிந்த கடைசி ஆள், தெரியாத அடுத்த ஆளிடம் எதையும் சொல்லாமலே செத்திருப்பான்.

அதன் பிறகு வட்டு கல்லாகவே பயணம் செய்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் மைரன் என்ற சிற்பி வெண்கலத்தில் வார்த்த வட்டெறிவோன் சிலை தொலைந்துவிட்டது. ரோமானியர்கள் பளிங்கில் எடுத்த நகல்கள் மட்டும் மண்ணுக்கடியில் கிடந்தன. 1781இல் ரோம் நகரின் எஸ்குவிலின் குன்றில் ஒன்று கிடைத்தது. அதில் முகம் பின்னால் திரும்பி வட்டைப் பார்க்கிறது. 1790இல் திவோலியில் இன்னொன்று. அதற்குத் தலை இல்லை. செப்பனிட்டவர்கள் வேறொரு தலையை எடுத்து, தரையைப் பார்ப்பதுபோல ஒட்டிவிட்டார்கள். சார்ல்ஸ் டவுன்லி வாங்கிய அந்தச் சிலை 1805இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய், இன்றும் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ரோமில் கிடைத்ததன் கதை இன்னும் மோசம். லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த 1936 பெர்லின் ஒலிம்பிக் படத்தின் ஆரம்பத்தில், வட்டெறிவோன் சிலை உருமாறி ஜெர்மானிய வீரனாக உயிர்பெறும். படம் வெளியான 1938ஆம் வருஷத்திலேயே அந்தப் பளிங்குச் சிலையை ஹிட்லர் 50 லட்சம் லிராவுக்கு வாங்கி மியூனிக்கில் நிறுத்தினார். போர் முடிந்து, 1948இல் அது இத்தாலிக்குத் திரும்பியது. உடைமைக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கல்லில் உறைந்த அந்த வீரன் மட்டும் இன்னும் விடவே இல்லை.

ஏதென்ஸ்

வட்டை மறுபடியும் காற்றில் பார்க்க ஆசைப்பட்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தார்கள். 1875இல் ஜெர்மானியர்கள் ஒலிம்பியாவைத் தோண்டத் தொடங்கினார்கள். 1896இல் ஏதென்ஸில் புதிய ஒலிம்பிக் என்று அறிவிப்பு வந்ததும், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் காரெட்டுக்கு வட்டு எறிய ஆசை. அமெரிக்காவில் அதைப் பார்த்தவரே கிடையாது. பழைய நூல்களின் வர்ணனையை வைத்து ஒரு கொல்லரிடம் செய்யச் சொன்னார். வந்தது தூக்கவே மூச்சு வாங்கும் இரும்புத் தகடு. ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு மற்ற போட்டிகளுக்காகக் கப்பலேறினார். ஏதென்ஸில் இறங்கி நிஜ வட்டைக் கையில் எடுத்தார். வெறும் இரண்டு கிலோ.

இந்த இடத்தைப் படித்தபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். கனமானதைப் பழகிவிட்டு லேசானதை வாங்கியவர் உலகத்தில் நான் மட்டுமில்லை. வித்தியாசம் என்னவென்றால் காரெட் ஜெயித்தார். முதல் வீச்சுகள் கண்டபடி போக, கடைசி வீச்சு 29.15 மீட்டர். மைரன் சிலையின் பேரப்பிள்ளைபோல அழகாக நின்று வீசிய கிரேக்க வீரர் பனாயோட்டிஸ் பராஸ்கெவோபூலோஸ் 28.95. அரங்கம் வாயடைத்துப் போனது.

1900இல் பாரிசில் காரெட்டுக்குக் கணக்கு நேரானது. மரங்களுக்கு நடுவே ஒடுக்கமான பாதையில் போட்டி வைத்தார்கள்; அவருடைய வட்டு மரங்களில் மோதிக் கணக்கிலேயே வராமல் போனது. 1906இல் ஏதென்ஸிலும் 1908இல் லண்டனிலும் 'கிரேக்க முறை' என்று ஒரு தனிப் போட்டியே நடந்தது. சாய்வான மேடை மேல் நின்று, சிலை நிற்கிறதுபோல நின்று வீசவேண்டும். பழைய நூலில் வந்த ஒரு சொல்லைத் தப்பாகப் படித்ததால் வந்த மேடை அது. பழையவர்கள் அப்படி வீசவே இல்லை என்று பிறகு தெரிந்து, சத்தமில்லாமல் கைவிட்டார்கள்.

பொருளைத் தோண்டி எடுத்தாகிவிட்டது. எடை தெரிந்துவிட்டது. ஆனால் அதை வீசும் வித்தையை எந்தக் கருவூலத்திலும் பூட்டி வைத்திருக்கவில்லை. மாமியார் அம்மிக்கல்லைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அரைக்கிற கையைக் கொடுக்க முடியாதே. 2.5 மீட்டர் விட்டத்தில் ஒரு வளையம் வரைந்து, அதற்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று விட்டதும் மனிதர்கள் தாராளமாகச் சுழன்றார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் வட்டில் தங்கம் வென்ற அமெரிக்கர் பட் ஹவுசர், ஒன்றரைச் சுற்றுச் சுழற்சியைச் செம்மைப்படுத்தினார். இன்று உலகம் முழுக்கப் பி.டி. சார்கள் சொல்லிக்கொடுக்கிற முறை அதன் வாரிசு. ஒலிம்பியாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1928இல் பெண்களுக்கு இடம் கிடைத்தபோது, போலந்தின் ஹலினா கொனோபாட்ஸ்கா 39.62 மீட்டர் வீசி, ஒலிம்பிக் தடகளத்தின் முதல் பெண் தங்கத்தை வட்டில்தான் எடுத்தார்.

நந்தனம்

ஹவுசர் தங்கம் வென்ற அதே பாரிசுக்கு இந்திய அணியைக் கூட்டிப்போனவர் சென்னைக்காரர் ஒருவர். பிறப்பால் அமெரிக்கர், பெயர் ஹாரி குரோ பக். 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கியவர். நந்தனத்தில் இன்றும் இருக்கும் அந்தக் கல்லூரியிலிருந்து கழுத்தில் விசிலோடு வெளியே வந்தவர்கள் ஊர் ஊராகப் போய்ப் 'பி.டி. மாஸ்டர்' ஆனார்கள். பனையும் வேலிக்காத்தானும் நிறைந்த பொட்டல்களில் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. கிரேக்க வட்டு நம் பள்ளி கால அட்டவணைக்குள் நுழைந்தது இப்படித்தான். முசிறியில் ஏறாத கப்பலைப் பாரிஸ் வழியாகப் பிடித்து.

வந்தவரை வரவேற்றதில் வீட்டுக்காரர் ஒருவரை மறந்தோம். தெற்கத்திச் சீமைக் கிராமங்களில் இளவட்டக்கல் இருந்தது. தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் போட்டவனுக்குப் பெண் கொடுத்தார்கள். ஒலிம்பியாவிலும் அப்படி ஒரு கல் உண்டு. 143 கிலோ எடை. பைபோன் என்பவன் ஒற்றைக் கையால் தலைக்கு மேல் எறிந்ததாக அதன் மேலேயே வெட்டியிருக்கிறது. அவர்கள் கல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கற்கள் பலவும் ஊர் மந்தையில் பாதி புதைந்து கிடக்கின்றன. குறுவட்டப் போட்டிப் பட்டியலில் வட்டு ஏறியது, இளவட்டக்கல் ஏறவில்லை.

மீரட்

நான் பழகிய வட்டின் பித்தளைத் தகடு தேய்ந்து, செய்த ஊர் பெயர் படிக்க முடியாமல் இருந்தது. ஆனால் இந்தியாவில் இப்படிப்பட்ட வட்டு பெரும்பாலும் மீரட்டிலோ ஜலந்தரிலோதான் பிறக்கும். அதற்குப் பின்னால் ஒரு பிரிவினை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் விளையாட்டுச் சாமான் செய்வதில் பெயர்போன ஊர் சியால்கோட். 1947இல் அது பாகிஸ்தானுக்குப் போக, கடைசல் தெரிந்த குடும்பங்கள் பல கையில் தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இரண்டு ஊர்களில் வந்து குடியேறின. அங்கிருந்து லாரியேறிச் சென்னை பெரியமேட்டுக் கடைகளுக்கு. அங்கிருந்து பள்ளிக்கூட பீரோவுக்கு.

வளையத்தில் எவ்வளவு கனம் வைக்கிறார்கள் என்பதில்தான் செய்கிறவரின் சாமர்த்தியம். எடை எவ்வளவுக்கு விளிம்புக்குப் போகிறதோ, அவ்வளவுக்குச் சுழற்சி நிற்கும். ஆனால் விளிம்புக் கனம் கூடிய வட்டைக் கற்றுக்குட்டி கையில் கொடுத்தால் தள்ளாடி விழும். காற்றும் வேடிக்கை பண்ணும். பெரும்பாலான விளையாட்டில் எதிர்க்காற்று எதிரி. வட்டுக்குத் தோழன். அளவான எதிர்க்காற்றில் பறவைபோல ஏந்தப்பட்டு இன்னும் தூரம் போகும். லிதுவேனியாவின் மைகோலாஸ் அலெக்னா 2025இல் 75.56 மீட்டர் வீசி உலக சாதனை செய்தது, காற்றுக்குப் பெயர்போன ஓக்லஹோமா சமவெளியில்.

நம் நாட்டில் வட்டு பெரிய பெயர் எடுக்காவிட்டாலும் சும்மா இருக்கவில்லை. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் மக்கன் சிங் தங்கம். 1966, 1970 இரண்டு ஆசியப் போட்டிகளிலும் பிரவீண் குமார் தங்கம். அவரை உங்களுக்கும் தெரியும்; தொலைக்காட்சி மகாபாரதத்தில் கதையைச் சுழற்றிக்கொண்டு வந்த பீமன் அவர்தான். 2010 டெல்லி காமன்வெல்த்தில் கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டர், தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் இந்தியப் பெண்களுக்கே. டோக்கியோ, பாரிஸ் பாராலிம்பிக் இரண்டிலும் யோகேஷ் கதூனியா வெள்ளி வென்றார், இருக்கையில் அமர்ந்தபடி. கால் சுழற்சி இல்லை. வீச்சு முழுவதும் இடுப்புக்கு மேலே. அவர் பிரிவினர் அந்த வித்தையை மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

குத்தம்பாக்கம்

இப்போது எங்கள் ஊரை அடையாளம் சொல்ல, பெங்களூரு நெடுஞ்சாலையோரம் எழும்பிய பெரிய பேருந்து முனையத்தைச் சொல்கிறார்கள். முன்பு இளங்கோ ரங்கசாமி பஞ்சாயத்துத் தலைவராக இருந்தபோது கட்டிய, வேறு வேறு சாதிக் குடும்பங்கள் பக்கம் பக்கமாக வாழும் இரட்டை வீடுகளைச் சொல்வார்கள். எனக்கு அடையாளம் ஏரிக்கரை.

போன வருஷம் பெரியமேட்டில் 1 கிலோ வட்டு ஒன்று வாங்கினேன். இந்த வயதில் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைப் பையில் போட்டுக்கொண்டு ஏரிப்பக்கம் போனேன். பத்துப் பதினோரு வயசுப் பையன் ஒருவன் கரையில் நின்று ஓட்டாஞ்சில்லைத் தண்ணீரில் தத்தவிட்டுக்கொண்டிருந்தான். நான்கு, ஐந்து, ஒருமுறை ஏழு தத்து. சில்லின் விளிம்பில் ஆள்காட்டி விரலை வளைத்து, உடம்பைச் சாய்த்து, கடைசியில் அந்த ஒரு விரலால் சுண்டிவிட்டான்.

எங்கள் பி.டி. சார் மூன்று மாதம் கத்தியது அதைத்தான். "கடைசியா விடுறது ஆள்காட்டி விரல்!" எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை. இத்தனைக்கும் இதே கரையில் நானும் சில்லு விட்டிருக்கிறேன்.

வட்டை எடுத்து அவனிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது தண்ணில தத்துமா?"

"தத்தாது. முழுகிடும்."

"அப்புறம் எதுக்கு?"

நான் சிரித்துவிட்டேன். "வீசிப் பாரு. தண்ணிப் பக்கம் வேணாம், அந்தப் பொட்டல் பக்கம். சில்லு மாதிரிதான். ஆனா உள்ளங்கை கீழ பாக்கணும்."

"கவுத்தா விழுந்துடாதா?"

"கை சுத்திக்கிட்டிருக்கிற வரைக்கும் விழாது."

நம்பாத முகத்தோடு கையைக் கவிழ்த்தான். முதல் முறை காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது முறை கையை முன்னும் பின்னுமாக ஆட்டிப் பார்த்து, விழவில்லை என்று கண்டதும் கண் விரிந்தது. மூன்றாவது முறை யாரும் சொல்லாமலே இடுப்பைப் பின்னால் முறுக்கி, குதிகாலைத் திருப்பி, விட்டான். ஆள்காட்டி விரல் கடைசி. வட்டு தள்ளாடாமல் தட்டையாகப் போய், காய்ந்த புல்லில் விளிம்பு குத்தி, கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. பத்து மீட்டர்கூட இருக்காது.

அவன் அதை எடுத்துவர ஓடினான். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என் முறைக்காகக் காத்திருந்தேன்.